ஹம்பியில் முதல்முறை பாறை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஹம்பியில் துங்கபத்திரையின் வடகரை முழுக்கப் புதுமுகங்கள்தான். சென்னையிலோ பெங்களூரிலோ பாறை ஏறப் பழக்கும் ஜிம்மின் செயற்கைச் சுவரில் சில மாதம் ஏறிப் பழகிவிட்டு, வாடகைக்கு எடுத்த கிராஷ் பேடை (கயிறில்லாமல் ஏறும்போது விழுந்தால் தாங்கக் கீழே விரிக்கும் கனத்த ஃபோம் மெத்தை) முதுகில் மாட்டிக்கொண்டு, ரிஷிமுக் மேட்டுக்கும் சாணாபூர் பக்கமும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்காமல் போவது, நகம் வெட்டாமல் வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை முதல் நாள் மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடும்.

இறங்கும் வழி பார்க்காமல் ஏறுவது

ஜிம்மில் கடைசிப் பிடியை இரண்டு கையாலும் தொட்டால் முடிந்தது. கை நழுவினாலும் கீழே தரை முழுக்க ஓர் அடி கனத்துக்கு ஃபோம் இருக்கும். வெளியே அப்படி இல்லை, பாறையின் விளிம்பைத் தாண்டி உடம்பை மேலே தூக்கி உச்சியில் எழுந்து நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் பலருக்கு எந்தப் பக்கம் இறங்குவது என்ற கேள்வியே வருகிறது.

ஹம்பியின் கிரானைட் பாறைகள் வெயிலிலும் மழையிலும் காலகாலமாக வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து உருண்டவை. அதனால் உச்சி தட்டையாக இருப்பது அபூர்வம், நாலு பக்கமும் மெதுவாக வளைந்து சரிந்துகொண்டே போகும். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அந்தச் சரிவு எந்த இடத்தில் செங்குத்தாக மாறுகிறது என்று தெரியவே தெரியாது. கீழேயிருந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரம். ஒரு பையன், இருபது வயதுக்கு மேல் இருக்காது, பன்னிரண்டு அடிக்குக் குறையாத பாறை ஒன்றில் அருமையாக ஏறினான். மேலே நின்று போட்டோ எல்லாம் எடுத்தாகிவிட்டது. அப்புறம் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், திரும்பி வந்தான். பக்கத்துப் பாறையடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "அண்ணா, இதுல எப்படி இறங்குறது?" என்றான். "அசையாம உக்காரு தம்பி, நான் சுத்தி வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நான் எழுவதற்குள் கீழே நின்ற அவன் நண்பர்கள், "குதிடா, பேட் இருக்கு!" என்று கத்தினார்கள். குதித்துவிட்டான். ஒரு கால் பேடின் ஓரத்தில், இன்னொரு கால் வெளியே கல்லில். குதிகால் எலும்பு முறிந்துவிட்டது. அவனைப் பேடிலேயே படுக்கவைத்து நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, வயல் வரப்பு வழியாக ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஆட்டோ பிடித்துக் கங்காவதி போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அந்தப் பாறையின் பின்பக்கம் இடது ஓரத்தில், ஒரே எட்டில் பக்கத்துப் பாறைக்குத் தாண்டி அங்கேயிருந்து நடந்தே இறங்கிவிடலாம். ஏறும் முன்பு ஒரு சுற்று சுற்றி வந்திருந்தால் போதும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பையன் மேல் இல்லை, கீழே பத்திரமாக நின்றுகொண்டு குதிக்கச் சொன்னவர்கள் மேல்.

அதனால் ஷூ மாட்டுவதற்கு முன்னால் பாறையை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். இறங்கப்போகும் பக்கத்தில் முடிந்த உயரம் வரை ஏறி, அப்படியே இறங்கிப் பாருங்கள். பின்சரிவுகளில் காய்ந்த பாசியும் மணல் பொடியும் கிடக்கும், இரண்டுமே காலை வாரிவிடும். சரிவில் இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்ந்து உட்காரத்தான் தோன்றும், அப்படிச் சாய்ந்தால்தான் கால் வழுக்கும். முழுப் பாதத்தையும் பதித்து, உடம்பின் பாரம் பாதத்துக்கு நேர் மேலே வரும்படி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். சரிவு அதிகமானால் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இறங்குங்கள். வழி கண்ணில் படவே இல்லையென்றால் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள், ஹம்பியில் பாறைக்கா பஞ்சம்? தெரியாமல் மேலே மாட்டிக்கொண்டால் உட்கார்ந்துவிடுங்கள். யாராவது சுற்றி வந்து வழி சொல்வார்கள்.

பேடைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

பெரும்பாலானவர்கள் ஏற ஆரம்பிக்கும் இடத்தில் பேடை விரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விழுவதோ வேறு இடத்தில். முன்னால் துருத்தி நிற்கும் பாறையில் கால் விட்டுப்போனால் உடம்பு ஊஞ்சலாடி வெளியே போய் விழும். சரிவான பாறையில் அப்படியே உரசிக்கொண்டு நேராகக் கீழே வரும். பக்கவாட்டில் நகர்ந்து ஏறுகிற வழி என்றால், ஏறுகிறவர் நகர நகரக் கீழே நிற்பவர் பேடையும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேட் இருந்தால் நடுவில் இடைவெளி விடாதீர்கள், கணுக்கால் சுளுக்குவது அந்தச் சந்தில்தான்.

கீழே நிற்பவர் விழுகிறவரைக் கையில் ஏந்திப் பிடிக்க வேண்டியதில்லை, பிடிக்கவும் முடியாது. இடுப்பிலோ அக்குளுக்குக் கீழேயோ கை கொடுத்துப் பேடின் பக்கம் திருப்பிவிட வேண்டும், தலை கல்லில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை உள்ளே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், விரித்து வைத்தால் அதுதான் முதலில் மடங்கும். அப்புறம் செல்போனில் வீடியோ எடுக்கிறவரைக் காவல் நிற்பவராகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜிம் கணக்கை நம்பி வருவது

ஏறும் வழி எவ்வளவு கஷ்டம் என்பதை வி-0, வி-1 என்று எண் போட்டுச் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கஷ்டம். ஜிம்மில் வி-4 ஏறுகிறீர்களா? இங்கே வி-0விலிருந்து தொடங்குங்கள்.

மதிய வெயிலில் ஏறுவது

வேண்டாம். கல் சுடும், கை வியர்க்கும், பிடி நிற்காது. கிரானைட்டின் சொரசொரப்பில் விரல் தோலும் உரிந்துவிடும், அதோடு மீதி நாட்களும் போச்சு.

தட்டிப் பார்க்காமல் தொங்குவது

முன்னே சொன்ன மாதிரி பாறை உரிந்துகொண்டே இருப்பதால், மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டைகள் நிறைய. விளிம்பு கூர்மையாக, பிடிக்க வசதியாக இருக்கும், அதுதான் ஆபத்து. விரல் முட்டியால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. உள்ளே காலியாக இருப்பது போலக் கேட்டால் பாரம் போடாதீர்கள். பெயர்ந்து வந்தால் கீழே நிற்பவர் தலையில் விழும்.

மழைக்கு மறுநாள்

ஹம்பியில் ஈரம் காய்ந்துவிட்டால் ஏறலாம். இங்கிருந்து பாதாமிக்குப் போகிறவர்கள் கவனியுங்கள், அது மணற்பாறை. ஈரம் உள்ளே இறங்கியிருக்கும்போது பலம் குறைந்துவிடும், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பிடி உடைந்து வரும். உடைந்த பிடியை யாரும் திரும்ப ஒட்டவைக்க முடியாது, அந்த வழியே போய்விடும்.

கோயில் பாறை

ஹம்பி 1986 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். மண்டபம் நிற்கும் பாறை, சிற்பமோ எழுத்தோ வெட்டிய பாறை, படி செதுக்கிய பாறை எதிலும் ஏற வேண்டாம். பிடி வழுக்காமல் இருக்கத் தடவும் வெள்ளைச் சாக் பொடி அப்பிய கையோடு அங்கே சாய்ந்துகூட நிற்காதீர்கள்.