துணிக்கடை இணையதளத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் இணையத்திலும் விற்கத் தொடங்கினால், பார்வையற்ற வாடிக்கையாளர் அத்தளத்தைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) படித்துச் சொல்வதைக் கேட்டே அறிவார் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரிப்பு, எழுதுங்கள். "படம் 14" என்றிருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "மாம்பழ மஞ்சள் பருத்திப் புடவை, இரண்டு விரல் அகல அரக்குக் கரை" என்று எழுதினால், கடைக்காரர் பாயில் விரித்துக் காட்டியதுபோல் இருக்கும். விலையையும் படத்துக்குள் பொறிக்காமல் எழுத்தாகவே தாருங்கள்.

பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுங்கள். பலரும் மறக்கும் இடம் இதுதான். ஆங்கிலம் என்ற குறி அப்படியே கிடந்தால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தடுமாறும்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் (contrast ratio) குறைந்தது 4.5:1 இருக்கட்டும். காசிமேட்டு வெயிலில் கைபேசி பார்ப்பவருக்கும் இது உதவும்.

பிறகு மவுசை ஒதுக்கிவிட்டு, டேப், என்டர் முதலிய விசைகளை மட்டும் கொண்டு, புடவையைத் தேர்வதிலிருந்து பணம் செலுத்துவது வரை நீங்களே செய்து பாருங்கள். நீங்கள் சிக்கி நிற்கும் இடத்தில்தான் கை நடுக்கத்தால் மவுசைப் பயன்படுத்த முடியாத வாடிக்கையாளரும் வாங்காமல் திரும்புகிறார், அதை முதலில் சரிசெய்யுங்கள்.