கிழக்கிலிருந்து புற்றுநோய் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்குள் நுழையும் வழி

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ விஞ்ஞானப் பட்டம் பயிலும் மாணவர் ஒருவர் புற்றுநோயின் மூலக்கூற்று உயிரியலில் ஆய்வாளராக விரும்பினால், முதலில் தனக்கென ஒரு கேள்வியைத் தேடிக்கொள்ள வேண்டும். புலமைப்பரிசில் விண்ணப்பம் அதற்குப் பிறகு வரட்டும். அந்தக் கேள்வி வீட்டுத் திண்ணையிலுள்ள வெற்றிலை வட்டாவிலேயே கிடக்கக்கூடும். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. ஆகவே, புகையிலை சேர்க்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்று அம்மம்மாமார் சொல்லும் சமாதானம் செல்லாது. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் இரசாயனம் வாய்ச் சவ்வுக்கு அடியிலுள்ள நார்க்கலங்களைத் தூண்டிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைப் பெருக்குகிறது. சவ்வு விறைத்து, வாய் திறக்கும் அளவு குறுகுகிறது. இவ்வாறு விறைத்த வாய்களில் சிலவே புற்றுநோய்க்குச் செல்கின்றன. அந்தச் சில எவை, அவற்றின் கலங்களில் எந்தப் பரம்பரையலகு முதலில் பழுதடைகிறது என்பது நல்ல கேள்வி. 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள, கலங்கள் புற்றாவதைத் தடுக்கும் டிபி53 என்னும் பரம்பரையலகு மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் விகாரமடைந்திருப்பதால், அது மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்பது பழைய கதை. புகையிலையின்றி வெற்றிலை போடுவோரில் அது எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்று கேட்டால் வேலை தொடங்குகிறது.

அடுத்த படிக்கு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். 33 வகைப் புற்றுநோய்களின் மரபணுத் தரவுகளை 2006இல் தொடங்கிய அமெரிக்கத் திட்டமான டிசிஜிஏ திரட்டியது. சிபயோபோர்ட்டல் தளத்தில் அவற்றை எவரும் இலவசமாக ஆராயலாம். தலை, கழுத்துப் புற்றுநோய்த் தொகுதியைத் திறந்து, டிபி53இன் விகாரங்கள் அது உண்டாக்கும் புரதத்தின் எந்தப் பகுதியில் குவிகின்றன என்று பாருங்கள். டிஎன்ஏயைப் பற்றிக்கொள்ளும் நடுப்பகுதியில்தான் பெரும்பாலானவை இருக்கும். அந்த நோயாளர்களில் நம்மைப்போல் வெற்றிலை போடுபவர்கள் அரிது என்பதையும் கவனியுங்கள். இங்கிருந்து செய்யும் ஆய்வுக்கு இடம் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

கைப்பயிற்சியில் அவசரம் கூடாது. நம் நாட்டு இறுதியாண்டு ஆய்வுகளில் ஏதேனுமொரு மூலிகைச் சாற்றைப் புற்றுக்கலங்களின் மேல் ஊற்றி, எம்டிடி சோதனை செய்து, "கலங்கள் இறந்தன" என்று முடிப்பதை அடிக்கடி காண்கிறேன். எம்டிடி இறப்பை நேரடியாக அளப்பதில்லை. உயிருள்ள கலங்களின் நொதியங்கள் மஞ்சள் நிறச் சேர்வையை ஊதாவாக்குவதையே அது அளக்கிறது. சாற்றிலுள்ள ஒட்சியேற்ற எதிரிகள் கலமேயில்லாமலும் அதே ஊதாவை உண்டாக்கும். ஆகவே 96 குழித் தட்டில் சில குழிகளைக் கலமின்றிச் சாறும் எம்டிடியும் மட்டும் இட்டு ஒதுக்குங்கள். சாதாரணக் கலங்களையும் பக்கத்தில் வையுங்கள், ஏனெனில் எல்லாக் கலத்தையும் கொல்லும் சாறு மருந்தல்ல, நஞ்சு. இறந்த விதம் தெரிய வேண்டுமானால் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது இயங்கும் நொதியமான கஸ்பேஸ் 3 செயற்படுகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

கலவளர்ப்பை நிறத்தால் படிக்கப் பழகுங்கள். ஊடகம் இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். ஒரே இரவில் கலங்கி மஞ்சளானால் பக்டீரியா புகுந்துவிட்டது. இன்கியூபேட்டரின் அடியிலுள்ள நீர்த்தட்டை மாற்றத் தவறி, பூஞ்சணம் ஏறி, இரண்டு மாதக் கலங்களை நான் வீசியிருக்கிறேன். அன்றிலிருந்து தட்டு மாற்றும் திகதியைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். குறிப்பேட்டில் பென்சில் வேண்டாம். பிழையானதை ஒரு கோட்டால் வெட்டுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

நோயாளர் இழையம் தேவையெனில் நெறிமுறைக் குழுவின் அனுமதி எழுத்தில் கிடைக்கும்வரை ஒரு துண்டைக்கூடத் தொட வேண்டாம். வைத்தியசாலை நோயியல் பிரிவுகளில் மெழுகில் பதித்த பழைய மாதிரிகள் பெரும் சொத்து. இழையத்தைப் பதப்படுத்தும் போமலின் டிஎன்ஏயைத் துண்டாக்கிவிடுவதால், டிஎன்ஏயைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் பெருக்கும் பகுதியை 200 கார இணைகளுக்குள் வைத்தால் வெற்றி கிட்டும். கொழும்புக்கு மாதிரி கொண்டுசெல்ல வேண்டியிருந்தால் டிஎன்ஏயாகவே பிரித்துக் கொண்டுபோங்கள். இரவு ரயிலின் வெக்கையை ஆர்என்ஏ தாங்காது.

மேற்படிப்புக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனமும், பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் உண்டு. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு மேற்பார்வையாளர் ஒருவருக்கு எழுதும்போது, அவருடைய அண்மைக் கட்டுரையொன்றில் உங்களுக்குப் புரியாத ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "தங்கள் மகத்தான ஆய்வு" என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு நாள்தோறும் வருகின்றன. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை மட்டும் நினைவூட்டி, அடுத்தவருக்கு எழுதுங்கள்.