முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறை ஆடிப் பாருங்கள்

பினாங்கில் நடன வகுப்புக்கு இடம் தேடும் கலைக்குழு நண்பர்களே, பழைய கடைவீட்டின் மாடி பிடித்துப்போனாலும் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பு நடக்கப்போகும் அதே மாலை நேரத்தில் நான்கு பிள்ளைகளோடு போய், பரதத்தில் கால் தட்டி ஆடும் அடிப்படை அடவான தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஆடச் சொல்லுங்கள். ஒருவர் கீழே கடையில் நிற்கட்டும். பலகைத் தளம் என்றால், 'தையா தை' வேகம் பிடிக்கும்போது இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து கடைக்காரரின் மேசைமேல் விழும். சிமெண்டுத் தளமா? தூசி விழாது, ஆனால் பிள்ளைகளின் முழங்கால் தாங்காது. அதன்மேல் அதிர்வைத் தாங்கும் மரத்தளம் போடும் செலவையும் சேர்த்தே வாடகையைப் பேசுங்கள்.

அப்புறம் அளவு. ஒரு பிள்ளைக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்று தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள். 12 பேருக்கே 48 சதுர மீட்டர் போய்விடும். செருப்பு, பை, காத்திருக்கும் அம்மாக்கள் எல்லாம் அதற்கு மேல். மிருதங்கத்தைச் சாரல் அடிக்கும் சுவரோரம் வைக்கவே வேண்டாம். ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் மையப் பகுதி 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம். அங்கே கட்டடத்தில் மாற்றம் செய்ய நினைத்தால், வரைபடம் போடுமுன்பே மாநகர் மன்றத்தில் விசாரித்துவிடுங்கள்.