சி ஷார்ப்பில் எந்த எனமுக்கும் ஒரே ‘இணை’ மெத்தட்: ஃபிளாக்குகளை ஜெனரிக்காகச் சேர்ப்பது எப்படி?

செக்பாக்ஸ் பட்டியலிலிருந்தோ கான்ஃபிக் ஃபைலிலிருந்தோ ஃபிளாக்குகள் (ஒரு பிட்டில் அடங்கும் ஆம்/இல்லை தேர்வுகள்) ஒவ்வொன்றாக வரும். அவற்றை | (பிட் வாரியான ‘அல்லது’) போட்டு ஒரே மதிப்பாக்க வேண்டும். ஒவ்வோர் எனமுக்கும் (எண்களுக்குப் பெயர் சூட்டும் டைப், enum) ஒரு லூப் என்று எழுதிக்கொண்டே போகாமல், எல்லா எனமுக்கும் பொதுவாக ஒரே மெத்தட் எழுதுவோம். கீழே கீவேர்டுகளும் டாட்நெட் பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள். அனுமதி, வாசி போன்ற நம் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், கம்பைலர் ஏற்கும்.

1. எனமைச் சரியாக அமைத்தல்

எனம் அனுமதி : பைட்
இல்லை = 0, வாசி = 1, எழுது = 2, அழி = 4, பகிர் = 8

1-லிருந்து ஒவ்வொரு மதிப்பும் முந்தையதைப் போல் இரு மடங்கு. அழிக்கு 3 கொடுத்தால் அது வாசி | எழுது ஆகிவிடும். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எனமுக்கு மேலே [ஃபிளாக்ஸ்] போட்டால் இந்த மதிப்புகள் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது, எண்களை விட்டுவிட்டால் 0, 1, 2, 3 என்றுதான் போகும். அந்த ஆட்ரிப்யூட்டின் முக்கிய வேலை அச்சிடுவதில்: அது இருந்தால் 3 என்பது ‘வாசி, எழுது’ என வரும், இல்லாவிட்டால் வெறும் ‘3’.

லாங் எனமில் 1 << 32 என்று எழுதாதீர்கள். இடப்பக்கம் இருப்பது இன்ட் என்பதால் விடை 1. முதல் ஃபிளாக்கே மறுபடி வரும், கம்பைலரும் பிழை காட்டாது. 1எல் << 32 என்பதே சரி.

2. மெத்தடின் தலைப்பு

டி இணை<டி>(டி அ, டி ஆ) வேர் டி : ஸ்ட்ரக்ட், எனம்

டி என்பது அழைக்கும்போது முடிவாகும் டைப்; அது எனமாகவே இருக்க வேண்டும் என்கிற ‘எனம்’ கட்டுப்பாடு 2018-ல் சி ஷார்ப் 7.3-ல்தான் வந்தது. ‘ஸ்ட்ரக்ட்’ ஏன்? அது இல்லாவிட்டால், எல்லா எனமுக்கும் தாயான சிஸ்டம்.எனம் கிளாஸையே டி-யாகக் கொடுத்துவிடலாம்.

உள்ளே ‘ரிட்டர்ன் அ | ஆ’ என்று போட்டதும் சிஎஸ்0019 பிழை வரும். | ஆபரேட்டரை ஒவ்வொரு குறிப்பிட்ட எனமுக்கும் கம்பைலரே தருகிறது. டி ஏதோ ஓர் எனம் என்ற அளவில் அது கிடைக்காது. டாட்நெட் 7-ன் ஜெனரிக் மேத் இன்டர்ஃபேஸ்களும் கைகொடுக்காது, எனம்கள் அவற்றை இம்ப்ளிமென்ட் செய்வதில்லை.

3. குறுக்குவழிகள் எங்கே கவிழ்கின்றன

ஆப்ஜெக்டாக மாற்றி அதை இன்டாக காஸ்ட் செய்வது முதல் யோசனை. இன்ட் எனமில் ஓடும். நம் அனுமதி பைட் என்பதால் ரன்டைமில் இன்வேலிட்காஸ்ட் எக்செப்ஷன். அடுத்தது கன்வெர்ட்.டுஇன்ட்64: யுலாங் எனமின் மேல் பிட் 1 ஆக இருந்தால் ஓவர்ஃப்ளோ. டுயுஇன்ட்64-க்கு மாறினால் நெகட்டிவ் மதிப்பில் அதே ஓவர்ஃப்ளோ. போதாக்குறைக்கு ஒவ்வொரு அழைப்பிலும் பாக்சிங் (மதிப்பை ஆப்ஜெக்டாகப் பொதிவது) வேறு.

4. டைப்பை விடுங்கள், அளவைப் பாருங்கள்

எனமுக்கு அடியில் இருக்கக்கூடிய டைப்கள் எட்டு. ஆனால் அளவுகள் நான்குதான்: 1, 2, 4, 8 பைட். | ஆபரேட்டருக்குப் பிட்கள் போதும், குறி நெகட்டிவா பாசிட்டிவா என்ற கவலையே இல்லை. ஆகவே நான்கு கிளைகள் போதும். அன்சேஃப்.சைஸ்ஆஃப்<டி>() விடை 1 என்றால் (கீழே வரும் அன்சேஃப்.ஆஸ், அதே நினைவகத்தை வேறு டைப்பாகப் பார்க்கும்):

டி விடை = டிஃபால்ட்;
அன்சேஃப்.ஆஸ்<டி, பைட்>(ரெஃப் விடை) = (பைட்)(அன்சேஃப்.ஆஸ்<டி, பைட்>(ரெஃப் அ) | அன்சேஃப்.ஆஸ்<டி, பைட்>(ரெஃப் ஆ));

2-க்கு யுஷார்ட், 4-க்கு யுஇன்ட், 8-க்கு யுலாங். முன்னால் உள்ள (பைட்) காஸ்ட் கட்டாயம், ஏனெனில் பைட் | பைட் இன்டைத் தருகிறது; யுஷார்ட்டுக்கும் அப்படியே, மற்ற இரண்டுக்கும் தேவையில்லை. ‘சோம்பேறித்தனமாக’ எல்லாவற்றையும் யுலாங்காகவே படித்தால் எக்செப்ஷன் எதுவும் வராது. ஒரு பைட் இடத்தில் எட்டு பைட் எழுதி பக்கத்து நினைவகம் கெடும். கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான பிழை இது.

வேகம் பற்றிப் பயம் வேண்டாம். ஒவ்வொரு எனமுக்கும் ஜிட் (நிரல் ஓடும்போது வேலை செய்யும் கம்பைலர்) தனி மெஷின் கோட் உருவாக்கும். அதில் சைஸ்ஆஃப் மாறிலி என்பதால் வேண்டாத மூன்று கிளைகள் நீங்கிவிடும். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் மட்டும் அன்சேஃப் கிளாஸுக்கு நுகெட் பேக்கேஜ் சேர்க்க வேண்டும்.

5. பட்டியலுக்கு நீட்டித்தல்

டிஃபால்ட் மதிப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் இணை மெத்தடால் சேர்த்துக்கொண்டே போங்கள். காலிப் பட்டியலுக்கு 0 வரும்; ‘இல்லை = 0’ வைத்தது இதற்காகத்தான். இரண்டு வெவ்வேறு எனம்களைக் கலந்து கொடுத்தால் கம்பைலரே தடுக்கும். வெறும் இன்டாகச் சேர்த்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

சோதிக்கும்போது இன்ட் எனமோடு நிற்காதீர்கள். ஒரு பைட், நெகட்டிவ் மதிப்புள்ள ஓர் எஸ்பைட், 1யுஎல் << 63 உள்ள ஒரு யுலாங் ஆகியவற்றையும் ஓட்டிப் பாருங்கள். விடையை ஹேஸ்ஃபிளாக் வைத்துச் சரிபார்த்தால், ‘இல்லை’யைக் கேட்கவே கூடாது: 0-க்கு அது எப்போதும் ட்ரூ சொல்லும். அதற்கு == போடுங்கள்.