வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: சுயாதீனப் பாடலை வெளியிடும் முறை

மாஸ்டரிங் என்னும் கடைசி ஒலிச்சீரமைப்பு முடிந்த பாடல் கோப்பு கைக்கு வந்தவுடன் 'வருகிற வெள்ளிக்கிழமையே போட்டுவிடலாம்' என்று சொல்லாத இசைக்கலைஞரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆறு மாதம் ஒரே மெட்டோடு குடித்தனம் நடத்தியவருக்கு இன்னும் ஆறு வாரம் காத்திருப்பது தண்டனையாகத்தான் தோன்றும். ஆனால் திரைப்படத்தின் விளம்பர பலமோ பெரிய நிறுவனத்தின் பணமோ இல்லாமல் சொந்தக் கைக்காசில் பாடல் வெளியிடுபவருக்கு வாய்த்த பெரிய சலுகையே, நாளைத் தாமே குறித்துக்கொள்ளலாம் என்பதுதான். அந்தச் சலுகையை அவசரத்தில் வீணாக்காமல், வெளியீட்டு நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்கும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு முதல் பாடலையோ இரண்டாவது பாடலையோ வெளியிடப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நாள் குறித்தல்

2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய பாடல்கள் வெளியாகும் பொது நாளாக வெள்ளிக்கிழமை வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்ட்ரீமிங் தளங்களின் புதுப்பாடல் பட்டியல்கள் வெள்ளியன்று புதுப்பிக்கப்படுவதால், அன்று வெளியாகும் பாடலுக்கு அந்த வாரம் முழுவதும் 'புதியது' என்ற தகுதி கிடைக்கும். வழக்கமாகப் பாடல் அந்தந்த ஊர் நேரப்படி நள்ளிரவில் திறக்கும். கோலாலம்பூரில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்பே வெள்ளி பிறந்துவிடுவதால், மலேசியத் தமிழர் ஒருவர்தான் உங்கள் பாடலின் முதல் கேட்பவராக இருக்கக்கூடும்.

நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமை என்பது படம் வெளியாகும் நாள். ஊடகங்களில் பாட்டைப் பற்றி எழுதக்கூடியவர்களும் அன்று படத்தின் விமர்சனத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வெள்ளியை வைத்துக்கொண்டு, செய்தியை அதற்கு முந்தைய திங்களன்றும் காணொளியை அடுத்த வாரத்தின் நடுவிலும் விடுவதே என் அனுபவத்தில் பலித்த ஏற்பாடு. பொங்கல், தீபாவளி வாரங்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். மார்கழியைப் பற்றி அப்படி ஒரே வாக்கில் சொல்ல முடியாது. சபாக் கச்சேரிகளுக்கு அப்பால், நீலம் பண்பாட்டு மையம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' போன்ற மேடைகளும் அந்த மாதத்தில் இசையைப் பற்றிய பேச்சைப் பெருக்கியிருப்பதால், நாட்டார் இசையோடோ கானாவோடோ உறவுள்ள பாடலுக்கு அது நல்ல காலம்தான்.

யாருடைய பாட்டு?

நாள் குறித்தபின் முதல் இரண்டு வாரங்களைத் தாள் வேலைக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலானோர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, நட்பு இருக்கும்போதுதான் கையெழுத்து சிரமமில்லாமல் கிடைக்கும் என்பதுதான்.

ஒரு பாடலில் உரிமை இரண்டு அடுக்காக இருக்கிறது. வரிகளும் மெட்டும் ஒரு அடுக்கு. அவற்றை எழுதியவருக்கும் அமைத்தவருக்கும் உரியவை. அவற்றைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொரு அடுக்கு. அது தயாரிப்பாளருக்கு உரியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தயாரிப்பாளர் என்று சொல்வது, பதிவை உருவாக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரை. நம் இசைக்கூடங்களிலோ பீட் போட்டு இசையைக் கோத்தவரைத்தான் 'ப்ரொட்யூசர்' என்கிறோம். ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு பொருள் இருப்பதால், ஸ்டுடியோ வாடகை கொடுத்த பாடகரும் பீட் போட்ட நண்பரும் தாமே தயாரிப்பாளர் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்துவிட்டு, பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு முகம் திருப்பிக்கொண்ட கதைகள் உண்டு. ஒலிப்பதிவின் உரிமையாளர் யார், யாருக்கு எத்தனை விழுக்காடு, யாருக்கு ஒரே தவணையில் சம்பளம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

எழுதும்போது காலத்தையும் நிலப்பரப்பையும் விட்டுவிடாதீர்கள். உரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் ஆவணத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கப்படப்போகும் பாட்டுக்கு 'இந்தியாவுக்கு மட்டும்' என்பது பெரிய ஓட்டை. பாடலாசிரியரும் இசையமைத்தவரும் 1969 முதல் இயங்கிவரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவதும் இந்தக் கட்டத்திலேயே நடக்கட்டும். வரிக்கும் மெட்டுக்கும் உரிய உரிமைத்தொகையைத் திரட்டித் தரும் அமைப்பு அது.

இணையத்தில் வாங்கிய பீட்டின் மேல் பாடியிருந்தால் அதன் உரிமத்தை வரிவரியாகப் படியுங்கள். குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் குத்தகைதான். அதே பீட்டின் மேல் இன்னும் பலர் பாடியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாடலை, பிறர் காணொளிகளில் உங்கள் ஒலி வந்தால் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையில் பதிவுசெய்யக் கூடாது. அந்த முறை தனியுரிமை உள்ள ஒலிக்கு மட்டுமே. பழைய திரைப்பாடலைப் புதிதாகப் பாடி வெளியிட பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவில் வழி இருக்கிறது என்றாலும், மூலப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும், குறைந்தது 50,000 படிகளுக்கான தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருப்பதால், முதல் வெளியீட்டுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெயரும் எழுத்தும்

ஸ்ட்ரீமிங் தளங்களில் நீங்கள் நேரடியாகப் பாடலை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். எது மலிவு என்று விவாதித்தே பலர் வாரங்களைக் கழிக்கிறார்கள். ஆண்டுக் கட்டணமா, பாட்டுக்கு ஒரு கட்டணமா, வருமானத்தில் பங்கா என்பதையும், கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் பாடல் தளங்களில் நிற்குமா என்பதையும் பார்த்தால் போதும்.

அந்த நிறுவனத்தின் படிவத்தை நிரப்பும் அரைமணி நேரம்தான் உண்மையில் முக்கியமானது. மழை என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுகிறீர்கள். ழகரத்துக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்துப் போடுவது ஒரு வழக்கம். வெறும் 'எல்' போட்டால் மழை, மலையாகிவிடும். நெடில் ஆகாரத்துக்கு ஒரு 'ஏ' போடுபவர்களும் உண்டு, இரண்டு போடுபவர்களும் உண்டு. சுவரொட்டியில் ஒன்று, படிவத்தில் ஒன்று, ரீல்ஸில் இன்னொன்று என்று போட்டுவிட்டால், பாட்டைத் தேடுபவர் மூன்றில் ஒரு வாசலில்தான் உங்களைக் காண்பார். ஆகவே பாடலின் பெயரையும் உங்கள் பெயரையும் தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை எழுதி, குழுவின் வாட்ஸ்அப்பில் ஒட்டிவைத்து, வடிவமைப்பவர் முதல் காணொளி தொகுப்பவர் வரை எல்லோரும் அதையே படியெடுக்கச் செய்யுங்கள். பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் தளங்களில் தேடியும் பாருங்கள். என் முதல் பாடல் வேறொரு நாட்டில் அதே பெயரில் பாடிவந்த ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய பத்தாண்டுக் கால மின்னணு நடன இசைக்கு நடுவே என்னுடைய தாலாட்டு மூன்று வாரம் அநாதையாகக் கிடந்தது. விநியோக நிறுவனத்துக்கு நான் எழுதிய மின்னஞ்சல்களுக்குத் தானியங்கிப் பதில்தான் வந்துகொண்டிருந்தது.

பாடலாசிரியர், இசையமைத்தவர், வாசித்தவர்கள், மிக்ஸிங், மாஸ்டரிங் செய்தவர்கள் என எல்லோருடைய பெயரையும் அவரவர் விரும்பும் எழுத்தில் கேட்டு வாங்கி நிரப்புங்கள். பறை வாசித்தவரை 'தாள வாத்தியம்' என்ற பொதுப்பெயரில் மறைத்துவிடாமல் பறை என்றே எழுத இடமிருந்தால் எழுதுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்தெண் கொண்ட அடையாளம் உண்டு. நீங்கள் கேட்காவிட்டாலும் விநியோக நிறுவனம் அதைக் கொடுத்துவிடும். அதைக் குறித்துவையுங்கள். நாளை வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே பதிவுக்கு அதே எண்ணைக் கொடுக்காவிட்டால், அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை புதிய இடத்துக்கு வராமல் போகக்கூடும். ரீமிக்ஸ் என்றால் அது வேறு பதிவு, வேறு எண்.

கோப்பு வேவ் வடிவில், குறைந்தது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரத்தில் இருக்கட்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை எதுவும் இருக்கக் கூடாது. ஒலியளவைப் பற்றி ஒரு வார்த்தை: ஸ்பாட்டிஃபை இயல்பாக எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்துதான் ஒலிக்கவிடுகிறது. மாஸ்டரிங் செய்பவரிடம் 'இன்னும் சத்தமாக' என்று கேட்டு வாங்கியதெல்லாம் அங்கே தணிக்கப்பட்டுவிடும்; நசுங்கிப்போன மேளத்தின் அடி மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

பட்டியலுக்கும் பத்திரிகைக்கும் எழுதுதல்

வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே பாடல் விநியோக நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியாகாத பாடலைத்தான் ஸ்பாட்டிஃபையின் கலைஞர் கணக்கிலிருந்து பட்டியல் ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்க முடியும். வெளியான பின் அந்த வாசல் அடைபட்டுவிடும். குறைந்தது ஏழு நாளுக்கு முன்பு பரிந்துரைத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் நீங்கள் காட்டிய பாடல் இடம்பெறும். ஒரு நேரத்தில் ஒரே பாடலைத்தான் பரிந்துரைக்கலாம், விவரிக்க 500 எழுத்துகள்தான் கிடைக்கும். அந்த 500ஐ உங்கள் கனவைச் சொல்லிச் செலவழிக்காமல், பாட்டின் வேகம், வாத்தியம், மொழிநடை, யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லப் பயன்படுத்துங்கள்.

பத்திரிகைகளுக்கும் இணைய இதழ்களுக்கும் அனுப்பும் செய்திக்குறிப்பில்தான் நம்மவர்கள் மிகவும் சறுக்குகிறார்கள். 'இளைஞர்களின் இதயங்களைக் கொள்ளைகொள்ள வருகிறது ஒரு மாறுபட்ட படைப்பு' என்று தொடங்கும் குறிப்பை எந்த ஆசிரியரும் இரண்டாவது வரிக்குப் படிப்பதில்லை. கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் ஓட்டுநரைப் பற்றிய பாடல் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படித் தொடங்கலாம்: 'ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றி, விடிவதற்குள் கோயம்பேடு வந்து சேரும் லாரி ஓட்டுநரின் ஓர் இரவுதான் இந்த மூன்றரை நிமிடப் பாடல். ஒரு பறை, ஒரு பேஸ் கிதார், ஒரு குரல் தவிர வேறு ஒலி இதில் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வளசரவாக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் பதிவுசெய்யப்பட்டது.' இதைப் படித்தவருக்குப் பாட்டைக் கேட்காமலேயே ஒரு காது திறந்துவிடும். எழுதுவதற்கு அவருக்கு ஒரு செய்தியும் கிடைத்துவிடும்.

அதன்பின் வெளியீட்டு நாள், பங்களித்தவர்களின் பெயர்கள், உங்களைப் பற்றி மூன்று வரி, தொடர்பு எண். பாட்டை இணைப்பாக அனுப்பி அஞ்சல்பெட்டியை நிரப்பாமல், தனிச் சுட்டியாகக் கொடுங்கள். பாடல் வரிகளை யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வரிகள் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தால், அவற்றை மாற்றிப் படிக்க யாருக்கும் நேரமில்லை. படம் இரண்டு போதும், ஒன்று கிடைமட்டம், ஒன்று நெடுவாக்கு. படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக. மாத இதழ் என்றால் ஆறு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். நினைவூட்டல் ஒன்றே ஒன்று போதும்.

வெளியான பிறகு

வெள்ளியன்று காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாத் தளங்களிலும் பாடலைத் திறந்து பெயர்களைச் சரிபார்ப்பது. யூடியூபில் விநியோக நிறுவனத்தின் வழியாக அட்டைப்படத்தோடு ஒரு பதிவு தானாக வந்திருக்கும். அது உங்கள் அலைவரிசையில் இல்லாமல் உங்கள் பெயருக்கான 'டாபிக்' அலைவரிசையில் இருப்பதைக் கண்டு யாரோ திருடிவிட்டதாகப் பதற வேண்டாம்.

பணத்தைப் பற்றி மயக்கம் கூடாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான வருமானக் கணக்கிலேயே சேரும். ரசிகருக்கு நேரடியாக விற்க பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடை இருக்கிறது. மின்னணு விற்பனையில் 15 விழுக்காட்டைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. பணம் பேபால் வழியாக வருவதாலும், பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றங்களை நிறுத்திவிட்டதாலும், அந்தக் கடையை லண்டன், டொராண்டோ கேட்பவர்களை எண்ணித் திறப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். உள்ளூர் ரசிகர் காசு கொடுக்க விரும்பினால், நிகழ்ச்சி முடிந்த இடத்தில் மேசை போட்டு, கியூஆர் அட்டையை வைத்து, டி-சர்ட்டோ வரிகள் அச்சிட்ட தாளோ விற்பதே மேல்.

கேட்புகளுக்கான முதல் கணக்கு வந்துசேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் எழுதிய விழுக்காட்டின்படி பிரித்து, கணக்கின் படத்தோடு அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பறை வாசித்தவருக்கு 43 ரூபாய் போகிறது என்றால், 43 ரூபாயே போகட்டும்.