பாறசாலையில் வாங்கினால் வரி குறையுமா?

தமிழக எல்லையான களியக்காவிளையில் கேரளத்து வண்டிகள் நம் பக்கத்து பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். பெட்ரோல் அங்கே கூடுதல், இங்கே குறைவு. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும் என்றே தோன்றும்; எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் வாங்கினால் வரி குறையும் என்பார்கள். முதல் தவறு அதுதான். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநில வரி இடத்துக்கு இடம் மாறும். ஃபிரிட்ஜுக்கு அப்படியில்லை. 2017 ஜூலை 1-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே விகிதம். பில்லை எடுத்துப் பாருங்கள்: நம் மார்த்தாண்டத்துக் கடையில் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 9, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம், பாறசாலைக் கடையிலும் அதே 9, 9. 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளம் வெள்ள செஸ் என்று 1 சதவீதம் கூட்டி வாங்கியது. ‘வரி கம்மி’ என்று அப்போது எல்லை தாண்டியவர்கள் கூடுதலாகத்தான் கட்டினார்கள்.

“ஓணத்துக்கு அங்க மூவாயிரம் குறைச்சானே மக்கா” என்று என் மச்சான் சண்டைக்கு வருவார். குறைத்தார்கள்தான். அது வரியல்ல, தள்ளுபடி. இங்கே ஆடிக்கும் தீபாவளிக்கும் கிடைப்பது அங்கே ஓணத்துக்குக் கிடைக்கிறது. எம்ஆர்பி வெறும் உச்சவரம்பு என்பதால், அதிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்த்து மயங்க வேண்டாம். மாடல் எண்ணை எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, கடைசித் தொகையை இரண்டு பக்கமும் கேளுங்கள். டெம்போ வாடகையையும் கூட்டுங்கள்.

வளைகுடாக் கணக்கு வேறு. ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஐபோனில் சில மாடல் துபாயில் எப்படி மலிவாகும்? ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அமீரகத்தில் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். இங்கே விற்கும் போனுக்கு 18. வித்தியாசத்துக்கு இது ஒரு காரணம். ஆனால் அங்கே விற்கும் ஐபோன் 17-இல் சிம் போடும் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஊருக்கு வந்து பழைய சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு. வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கத் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். போனுக்கு அந்தத் தனிச் சலுகை இல்லை. மற்ற சாமான்களோடு சேர்த்தே தீர்வையில்லா வரம்புக் கணக்கு.

அமெரிக்க விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றிப் பெருமூச்சு விடுவது இன்னொரு தவறு. அங்கே கடையில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. பெரும்பாலான மாநிலங்களில் பில் போடும்போதுதான் ஏறும். மின்சாரமும் வேறு. அங்கே 120 வோல்ட், நமக்கு 230. அத்தான் ஆசையாகக் கொண்டுவந்த காபி மேக்கரை அடுக்களையில் பிளக்கில் சொருகிய அரை நிமிடத்தில் புகை வந்தது. அதன் கண்ணாடி ஜாடியில் இப்போது அம்மா வெந்தயம் போட்டு வைத்திருக்கிறாள்.