காருக்குப் பின்னால் சைக்கிள்: ஹிட்ச் தேர்வும் பொருத்தமும்

கானாடுகாத்தான், ஆத்தங்குடித் தெருக்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கக் காரில் சைக்கிள் கொண்டு வருபவர்களுக்குப் பின்பக்க ஹிட்சே வசதி. ஹிட்ச் என்பது காரின் பின்புற அடியில் போல்ட் போட்டுப் பொருத்தும் இரும்புச் சட்டம்; சைக்கிளைத் தாங்கும் ரேக் அதில் மாட்டப்படும். கூரையில் ஏற்றினால் போர்டிகோவில் இடிக்கும்.

முதலில் எடை. தலா 15 கிலோவில் இரண்டு சைக்கிள், ரேக் 15 கிலோ, ஆக 45 கிலோ. ஹிட்ச் செங்குத்தாகத் தாங்கும் சுமைக்குள் இது அடங்க வேண்டும். இழுவைத் திறனைப் பார்த்து வாங்காதீர்கள், அது வேறு கணக்கு. பம்பரில் மாட்டும் வகை வேண்டவே வேண்டாம். போல்ட் காரின் அடிச்சட்டமான சேஸிஸில் ஏற வேண்டும். ரிசீவர், அதாவது ரேக் தண்டு நுழையும் ஹிட்சின் சதுரக் குழாய், 2 அங்குலமென்றால் ரேக் தண்டும் அதே அளவில் இருக்கட்டும். 1¼ அங்குலத் தண்டை அடாப்டர் வைத்து நுழைத்தால் வேகத்தடைக்கு வேகத்தடை ஆடும்.

ஹிட்சைப் பொருத்த, காரைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்சர் ஆறியபின் அதன் ரப்பர் மாட்டியைக் கழற்றி இறக்குங்கள். போல்ட் துளைகளில் நம்மூர்ச் செம்மண் அடைந்திருக்கும். கம்பி பிரஷால் சுத்தமாக எடுங்கள். மண்ணோடு முறுக்கினால் மரை கெடும், இறுக்கமும் பொய்யாகக் காட்டும். எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிய பிறகே, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேர்ந்ததும் மறுபடி சரிபாருங்கள்.

நம்பர் பிளேட், பின்விளக்கு மறையக்கூடாது. சைக்கிள் டயர் சைலன்சர் வாய்க்கு நேரே நின்றால் சூட்டில் உருகிவிடும். ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள்.